சத்தம் போதாது

ஜூன் 3, திங்கள்

திருச்சி ரோட்டில், மொபெட்டில் தயிர்ப் பாக்கெட் கொண்டுபோன ஒருவன் நடுவில் ஊர்ந்துகொண்டிருந்தான். ஹாரன் அடித்தேன். திரும்பினான். என் காரின் கூரைக்கு மேலாகப் பார்த்து, பின்னால் எங்கேயோ ஒரு சைக்கிளைத் தேடினான். சைக்கிள் எதுவும் இல்லை என்றதும் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி நடுரோட்டிலேயே போனான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த வண்டியின் ஹாரன் லட்சணம் அப்படி.

ஏப்ரலில் வாங்கிய கார். ரேஸ்கோர்ஸில் ஒரு டாக்டர் வீட்டுப் பையன் கனடாவுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. சிவப்பு. இரண்டே சீட்டு. கூரையை மடக்கலாம். அபார்ட்மெண்டில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டாயிற்று: "ரெண்டு சீட்டுத்தானுங்களா? சொந்தபந்தம் வந்தா எப்படிங்க?" சொந்தபந்தம் வராமல் இருக்கத்தானே ஐயா இரண்டு சீட்டு. இதை வாயால் சொல்லவில்லை. நான் பொதுவாக எதையும் வாயால் சொல்வதில்லை. இங்கே எழுதிக்கொள்வதோடு சரி.

ஜப்பான் வண்டி. அந்த நாட்டில் ஹாரன் அடிப்பது அநாகரிகமாம். நல்லவர்கள். அவர்கள் சிங்காநல்லூர் சிக்னலைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று புகார் சொல்ல போன் செய்தேன். "சொல்லுங்க மேடம்" என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். இருபது வருடங்களுக்கு முன்னால் என்றால் திருத்தியிருப்பேன். இப்போதெல்லாம் நானே வசந்தாமணியாகிவிடுகிறேன். வசந்தாமணி என் மனைவி. "வீட்டுக்காரர் பேர் என்னங்க மேடம்?" என்றாள். திருமூர்த்தி என்றேன். காரியம் சீக்கிரம் முடிந்தது.

ஜூன் 4, செவ்வாய்

சீனியர் அவிநாசியப்பன் அமெரிக்கா போகிறார். மகளுக்குப் பிரசவம். மூன்று மாதம். இருபத்திரண்டு வருடமாக நான் அவருக்கு ஜூனியர். ஜூனியருக்கு நாற்பத்தேழு வயது. மனுவை எழுதுவது நான், வாதத்தை எழுதுவது நான், கோர்ட்டில் எழுந்து முழங்குவது அவர். அவருக்குக் குரல் இருக்கிறது. எதை வைத்து முழங்குகிறோம் என்பது பாதி நேரம் தெரியாது, ஆனால் குரல் இருக்கிறது. ஊரில் பெரிய வக்கீல் என்றால் இதுதான் இலக்கணம்.

கேஸ் கட்டுகளை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினார். எல்லாவற்றுக்கும் ஒரே உத்தரவு: "வாய்தா வாங்கிரு." மாராத்தாள் கட்டு வந்ததும் நின்றார்.

"அந்த மில்லுக்காரி கேசு. வாய்தாதான். நீ பாட்டுக்கு எந்திரிச்சு எதையும் பேசி வெக்காத. நீ பேசுனா ஜட்ஜு சிரிச்சுப்போடுவாரு."

அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த மில்லின் முதலாளியும் சீனியரும் ஒரே கிளப்பில் காலையில் ஷட்டில் ஆடுகிறார்கள். அது அவர்கள் உடம்புக்கு நல்லது. எனக்கென்ன.

ஜூன் 7, வெள்ளி

சுங்கம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் லாரன்ஸ் பட்டறை. பஸ், லாரிகளுக்கு லைட்டும் ஹாரனும் மாட்டுகிறவன். காரைப் பார்த்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"இது காருங்களாண்ணா, சோப்பு டப்பாங்களா?"

பம்பரைக் கழற்ற ஒரு மணி நேரம். உள்ளே கை போக இடமில்லை. இடது மூலையில் ஊறுகாய்ப் பாட்டில் மூடி அளவுக்கு ஒன்று தொங்கியது. "இதுதானுங்கண்ணா ஹாரன்" என்றான், பரிதாபமாக. நான் எதிர்பார்த்ததுதான்.

ஒன்றுக்கு இரண்டாக வட்ட ஹாரன் மாட்டினான். மேல் சுரம் ஒன்று, கீழ்ச் சுரம் ஒன்று. அடித்துப் பார்த்தோம். பட்டறையில் யாரும் நிமிரவில்லை. முன்பு சைக்கிள், இப்போது மொபெட். பதவி உயர்வு.

"சத்தம் போதாது" என்றேன்.

"ஏனுங்ண்ணா?" என்று காதைக் கிட்டே கொண்டுவந்தான். பக்கத்தில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி சொல்லாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினேன்.

ஜூன் 10, திங்கள்

தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் புது நீதிபதி வந்திருக்கிறார். பழையவர் காலத்தில் வாய்தா மனுவை பெஞ்ச் கிளார்க் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றால் போதும். அடுத்த தேதி தானாக வரும். இவர் மனுவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹால் முழுவதையும் பார்த்தார்.

"ஆறு வருஷக் கேசு. யாருங்க இது கொடுத்தது?"

எழுந்து நின்றேன்.

"உங்க வாதம்தான பாக்கி? தயாரா இருந்தா இப்பவே கேட்டுக்கறேன். இல்லைன்னா வாய்தாதானா?"

தலையாட்டினேன். ஆமாம் என்று. ஜூலை 8-க்குப் போட்டார். "கடைசி வாய்தா. அடுத்த தடவ காயிதத்தக் குடுத்துட்டு நிக்காதீங்க. எழுத்துல இருக்கறத நானே படிச்சுக்குவேன். கேள்வி கேட்டாப் பதில் சொல்ல ஆள் வேணும்."

மாராத்தாள் பின்சுவர் ஓரம் நின்றிருந்தாள். வெளியே வந்ததும், "என்னாச்சுங் வக்கீலய்யா?" என்றாள்.

"எட்டாந்தேதி."

"அடுத்த மாசமுங்களா?"

காருக்கு நடந்தேன். புது நீதிபதிகள் எல்லோரும் முதல் மாதம் இப்படித்தான் துள்ளுவார்கள். ஆடி வந்தால் அடங்கிவிடுவார்கள்.

ஜூன் 12, புதன்

வசந்தாமணி ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருக்கும் பெண்ணை விசில் இல்லாமல் நிறுத்துவாள். கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்தவர்கள் எங்கள் இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சிரித்தது உண்டு. அந்தச் சொந்தபந்தங்களுக்குத்தான் காரில் சீட்டு இல்லை.

"ஏனுங் மாமா, ஹாரனுக்கு எதுக்குங்க இத்தன அலைச்சலு? இடிச்சாக்கூட நசுங்கறது நம்ம வண்டிதான். பையப் போனாத்தான் என்ன?"

அவளுக்கு எப்படிப் புரியும். அவள் "ஏய்" என்றால் ஊர் நிற்கும்.

ஜூன் 15, சனி

லாரன்ஸிடம் ஏர் ஹாரன் கேட்டேன். மலையாளத்து பஸ்கள் அலறுமே, அது. கையெடுத்துக் கும்பிட்டான்.

"அத மாட்டுனா வண்டியோட என்னையும் புடிச்சுட்டுப் போயிருவாங்கண்ணா. வேண்டாமுங்க. நத்தை ஹாரன் போட்டுத் தரேன். சட்டத்துக்கு உட்பட்டது. நீங்களே வக்கீலு."

நத்தை மாதிரி சுருண்டது, ஜோடி. முன்னால் நுழையவில்லை. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் பட்டையை அறுத்து, வளைத்து, மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினான். இதற்குக் கம்பெனி ஒயர் தாங்காதாம். பேட்டரியிலிருந்து தனியாகக் கம்பி இழுத்து, நடுவில் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டுமாம். புது ரிலே கடையில் இல்லை. ஒரு பழைய பஸ்ஸிலிருந்து எடுத்தது கையில் இருந்தது.

"இது சமயத்துல ஒட்டிக்குமுங்கண்ணா. செவ்வாக்கிழம புதுசு வந்துரும். அதுவரைக்கும் பொறுங்க."

பொறுப்பதா. நான் இருபத்திரண்டு வருடமாகப் பொறுத்தவன், இன்னும் மூன்று நாள் முடியாது. பழையதையே மாட்டச் சொன்னேன். சீட்டில் எழுதவில்லை. கை ஜாடையே போதுமாக இருந்தது.

அடித்தேன். பட்டறையில் ஒருவன் ஸ்பேனரைக் கீழே போட்டான். எதிர் பேக்கரியிலிருந்து ஆள்கள் வெளியே வந்து பார்த்தார்கள். லாரன்ஸ் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இப்பப் போதுமுங்களா?" என்றான்.

ஜூன் 20, வியாழன்

ஐந்து நாளாக ராஜ வாழ்க்கை. கட்சிக் கொடி கட்டிய வெள்ளை வண்டி ஒன்று உக்கடத்தில் எனக்கு ஒதுங்கியது. பின்னால் பஸ் வருகிறது என்று நினைத்து அண்ணாந்து பார்த்த டிரைவரின் முகம், கீழே என்னைக் கண்டதும் போன போக்கை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். கல்லூரிப் பையன்கள், ஆட்டோக்காரர்கள், போனில் பேசியபடி ரோட்டைக் கடக்கும் புண்ணியவான்கள், எல்லோரும் துள்ளி விலகுகிறார்கள். இந்த ஜனங்களுக்கு நியாயம் புரியாது, சத்தம்தான் புரியும்.

காலையில் பைபாஸ் பக்கம் போய்விட்டு வருகிறேன். வேகத்தில் ஹாரன் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க.

ஜூன் 21, வெள்ளி

பைபாஸ். நீலாம்பூர் வரை.

ஜூன் 22, சனி

பைபாஸில் சுங்கச்சாவடிக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர் என் வண்டிக்கு இணையாக வந்து எட்டிப்பார்த்தான். கூரையை மூடியிருக்கிறேன், பக்கத்து சீட்டில் ஆள் இல்லை, நான் கை நீட்டி வாயசைக்கிறேன். பாவம், என்ன நினைத்தானோ. "மேற்படி கேட் பதிவேட்டில் கண்டுள்ளபடி" என்று நான் கோர்ட்டில் நிற்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்த இடம். இதில் எழுத ஒன்றுமில்லை. பொழுதுபோகாமல் செய்வது.

ஜூன் 24, திங்கள்

சீனியர் வாட்ஸப்பில் கூப்பிட்டார். அங்கேயும் அதே முழக்கம். பின்னால் குழந்தை அழுகிறது.

"கடைசி வாய்தாவா? யாருக்குடா கடைசி? எனக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு சர்டிபிகேட்டு ஏற்பாடு பண்ணிக் குடு. அப்பவும் கேக்கலைன்னா உட்டுரு, தள்ளுபடி ஆவட்டும். சின்னக் கேசு."

"சரிங்கய்யா."

"அந்தப் பொம்பள ஏதும் கேட்டா, ஐயா வந்து பேசுவாருன்னு சொல்லு."

"சரிங்கய்யா."

போனை வைத்ததும் கட்டை எடுத்துப் பார்த்தேன். சின்னக் கேசுதான். இரண்டு நூல் கோன். சாப்பாட்டுப் பையில் வைத்துத் திருடிக்கொண்டு போகப் பார்த்ததாகச் சொல்லி மில் அவளை வேலையைவிட்டு நீக்கியிருக்கிறது. மாலை 4.10-க்குக் கேட்டுக்கு உள்ளே மடக்கிப் பிடித்ததாக அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்ட மகஜர் இருக்கிறது. அதே மில்லின் கேட் பதிவேட்டில், முதல் ஷிப்ட் முடிந்து 3.30-க்கு மாராத்தாள் வெளியே போனதாகக் கையெழுத்து இருக்கிறது. வெளியே போனவளை நாற்பது நிமிடம் கழித்து உள்ளே பிடித்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். கட்டைப் பிரித்தால் போதும். ஆறு வருடத்தில் பிரித்தது நான் ஒருவன்தான்.

ஜூன் 28, வெள்ளி

மாராத்தாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வருவது எனக்குப் பிடிக்காது. வசந்தாமணி டீ கொடுத்து உட்காரவைத்துவிட்டாள். அவளுக்கு எல்லோரும் மனிதர்கள்.

"ஏனுங் வக்கீலய்யா, ஆடி நாலாந்தேதி வந்தா எனக்கு அம்பத்தெட்டு முடியுதுங்க. மில்லுல அம்பத்தெட்டுதானுங்களே கணக்கு. அதுக்கப்பறம் செயிச்சாலும் உள்ளார போக முடியாதுங்களாமே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எனக்குக் காசு பணமெல்லாம் பெருசில்லீங். லைன் வீட்டுல பச்சப் புள்ளைககூட என்னையக் கோன்காரின்னுதான் கூப்புடுது. ஒரே ஒரு நாளாச்சும் அந்தக் கேட்டுக்குள்ள போகோணும். பையச் சோதிக்காம வாட்ச்மேன் உள்ள உடோணும். ஒரு ஷிப்டு ஓட்டிப்போட்டு வந்தர்றேன். அம்புட்டுத்தானுங்க."

ஐயா வந்து பேசுவார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"அவர எதுக்குங்க சொல்றீங்க? மூணு வருசமாக் கோர்ட்டுக்கு வர்றது நீங்கதான். வர்றப்பெல்லாம் வாய்தா வாய்தாங்கறீங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங். கையெழுத்து மட்டுந்தான். மொதல்ல என்னமோ கோர்ட்டுல உங்களுக்கு வாய் குடுக்க மாட்டேங்கறாங்க, அதத்தான் கேக்கறீங்கன்னே நெனச்சுட்டிருந்தேன். வாய் தா, வாய் தான்னு."

வசந்தாமணி உள்ளே போய்ச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே வரவில்லை.

"உங்களுக்குத்தான் வாய் இருக்குதுங்களே" என்றாள் மாராத்தாள். "எம் வாய்தான் செல்லாது. உங்க வாய எனக்குக் குடுத்தா என்னங்க?"

அவள் போனபிறகு வசந்தாமணி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மைதானக் குரல் வைத்திருப்பவள் சும்மா இருந்தால் தாங்க முடியாது.

ஜூலை 1, திங்கள்

வேறு மூன்று வக்கீல்களைப் பார்த்தேன். ஒருவர், "அவிநாசியப்பன் கட்டுல நான் கை வெக்கறதா?" என்றார். ஒருவர் கோடை விடுமுறைக் களைப்பிலிருந்து இன்னும் மீளவில்லையாம். மூன்றாமவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "கேசு நல்லாருக்குதே, நீயே பேசேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டத்தைக் காக்கும் தூண்கள்.

ஜூலை 3, புதன்

இதையும் எழுதிவிடுகிறேன். வக்கீலான முதல் வருடம் ஒரு முறை எழுந்தேன். வாடகைக் கேசு. "கனம் நீதிபதி அவர்களே" என்றேன். அவ்வளவுதான். பின் பெஞ்சில் யாரோ, "அம்மிணி எங்கிருந்து பேசுது?" என்றான். ஹாலே சிரித்தது. நீதிபதி தண்ணீர் குடிக்கும் சாக்கில் குனிந்துகொண்டார். சீனியர் என் தோளை அமுக்கி உட்காரவைத்து, மீதியைத் தான் பேசினார். அன்றைக்கு அவர் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தார்.

அப்புறம் வாதாட எழுந்ததில்லை. பின் பெஞ்சுக்காரன் இப்போது அரசு வக்கீல்.

ஜூலை 7, ஞாயிறு

மருத்துவச் சான்றிதழ் தயார். வாய்தா மனு தயார். பதினொரு பக்க வாதமும் தயார். மூன்றும் ஒரே கட்டுக்குள். பைபாஸ் போய் வந்தேன்.

ஜூலை 8, திங்கள்

ஒழுங்காக எழுத வேண்டும்.

பத்து மணிக்குக் கோர்ட் வளாகத்துக்குள் நுழைந்தேன். மில்லின் வக்கீல் சம்பந்தம், யானை சைசில் ஒரு காரை வழியை மறித்து நிறுத்தி, டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் மேலே "ஒலி எழுப்பாதீர்" பலகை. சின்னதாக ஒரு தட்டு தட்டினேன். நத்தைகள் அலறின. கையை எடுத்தேன். அலறல் நிற்கவில்லை.

மாற்றப் போகாமலே விட்டிருந்த பழைய ரிலே ஒட்டிக்கொண்டது.

சாவியைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. பேட்டரியிலிருந்து நேர்க் கம்பி, சாவியைப் பிடுங்கி என்ன பயன். மாடி வராந்தாவில் கறுப்புக் கோட்டுகள் வரிசையாக முளைத்தன. டைப்பிங் செண்டர்காரர் மெஷினை விட்டுவிட்டு வந்தார். ஆளாளுக்கு ஏதோ சொன்னார்கள், ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஏதோ கத்தினேன், அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. பானெட்டைத் திறந்து, ரிலேயைத் தேடி, விரலைச் சுட்டுக்கொண்டு பிடுங்கி எறிய நாலு நிமிடம் ஆயிற்று. நின்றதும் வந்த அமைதி அதைவிட மோசம். டவாலி மாடிப்படியில் நின்று, "ஜட்ஜய்யா கூப்புடறாங்க" என்றார்.

ஹால் நிறைந்திருந்தது. வேடிக்கை என்றால் நம் ஆள்களுக்கு வாய்தா தேவையில்லை.

"யாருடைய வண்டிங்க அது?"

"என்னுடையதுங்கய்யா."

இருபத்திரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் நான் பேசிய முதல் வார்த்தை. கிளுகிளுவென்று ஒரு சிரிப்பு ஆரம்பித்தது. சம்பந்தம் எழுந்து, "சத்தத்தையெல்லாம் வண்டிக்குக் குடுத்துட்டாருங்கய்யா, தனக்குன்னு ஒண்ணும் வெச்சுக்கல" என்றார். ஹால் அதிர்ந்தது. நல்ல நகைச்சுவை. நான் எழுதிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

நீதிபதி சிரிக்கவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். பிறகு வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். எங்கள் எண்.

"என்னங்க, இன்னிக்கும் வாய்தாவா?"

கட்டுக்கு மேலாக இருந்தது வாய்தா மனுதான். பின்சுவரைப் பார்த்தேன். இத்தனை சிரிப்பிலும் மாராத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. பயந்துபோயிருந்தாள். ஒருவேளை ஹாரன் அடித்ததற்காக அவள் கேஸைத் தள்ளிவிடுவார்களோ என்று.

"வாதத்துக்குத் தயாருங்கய்யா" என்றேன்.

என் குரல் அப்படியேதான் இருந்தது. கொஞ்சமும் மாறவில்லை. முதல் ஐந்து நிமிடம் சிரித்தார்கள். சம்பந்தம் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். நான் பதிவேட்டின் பக்கத்தைச் சொன்னேன். 3.30. மகஜரின் நேரத்தைச் சொன்னேன். 4.10. "வெளியே போனவரை உள்ளே எப்படிங்கய்யா பிடித்தார்கள்?"

கர்ச்சீப் இறங்கியது. "மறுபடி உள்ள வந்திருக்கலாமுங்கய்யா."

"வந்ததுக்குப் பதிவு எங்கேங்கய்யா? அந்தக் கேட்டுல காக்கா நுழைஞ்சாக்கூடப் பதிவு போடுவோம்னு இவங்க வாட்ச்மேனே சாட்சி சொல்லியிருக்காரு. பக்கம் ஒன்பது."

மெல்லிய குரலுக்கு ஒரு குணம் உண்டு. கேட்க வேண்டுமென்றால் மற்றவர்கள் வாயை மூட வேண்டும். மூடினார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். நீதிபதி ஏழு கேள்வி கேட்டார், ஆறுக்குப் பதில் சொன்னேன். ஏழாவது இது: "இந்தப் பதிவேடு ஆறு வருஷமாக் கட்டுலயேதான இருக்குது? இத ஏன் இத்தன நாளா யாரும் சொல்லல?" என் பதினொரு பக்கத்தில் அந்தக் கேள்வி இல்லை.

கடைசியில், தனக்கு இரண்டு வாரம் பயிற்சி இருக்கிறது, உத்தரவு 29-ஆம் தேதி என்றார். இரண்டு பக்கமும் பார்த்து, "வேற ஏதாச்சும் சொல்லணுங்களா?" என்று கேட்டார். சம்பந்தம் தலை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "ஒன்றும் இல்லைங்கய்யா" என்று நான்தான் கணீரென்று சொன்னேன். சீனியர் முடிக்கும்போது சொல்கிற அதே மாதிரி.

வெளியே ஒரு சின்ன வக்கீல் பெண் வந்து கை கொடுத்தாள். டைப்பிங் செண்டர்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். மாராத்தாள் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள். காரின் கூரையை மடக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் எவனெவனோ குறுக்கே வந்தான், போகட்டும் என்று விட்டேன். சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சந்தோஷமாக இருக்கிறது.

ஜூலை 10, புதன்

சீனியர் போனில் கூப்பிட்டார். "பேசினயாமா? யாரக் கேட்டுப் பேசுன?" ஆபீஸ் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்துவிட்டேன். என்னுடைய டிபன் பாக்ஸையும் சட்டப் புத்தகங்கள் நாலையும் எடுத்து வந்தேன். சிவப்புக் காரில் அவ்வளவுதான் கொள்ளும்.

ஜூலை 12, வெள்ளி

லாரன்ஸ் புது ரிலே மாட்டினான். பணிவாக ஒரு முறை அடித்துக் காட்டினான். "நீங்க அடிச்சுப் பாருங்கண்ணா" என்றான். அப்புறம் பார்க்கிறேன் என்றேன். லேத் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவனுக்குக் கேட்டது.

ஜூலை 18, வியாழன்

வீட்டு முன்னறையையே ஆபீஸாக்கலாம் என்கிறாள் வசந்தாமணி. சோபாவை எங்கே போடுவது என்பதில் விவாதம். காலண்டரில் ஆடி பிறந்துவிட்டது.

ஜூலை 20, சனி

ஆடி நான்கு. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 29, திங்கள்

உத்தரவு வந்தது. ஜெயித்தோம். "மனுதாரர் திருடினார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்பது மட்டுமல்ல, அது நடந்திருக்கவே முடியாது என்று இந்நீதிமன்றம் கருதுகிறது." அப்படியே எழுதியிருக்கிறார். அடுத்த பத்தி: "மனுதாரர் 20.7 அன்று ஓய்வு வயதை எட்டிவிட்டபடியால், அவரைப் பணியில் மீண்டும் அமர்த்தும் கேள்வி எழவில்லை."

ஒன்பது நாள்.

ஜூன் பத்தாம் தேதி நான் தலையை ஆட்டாமல் வாயைத் திறந்திருக்கலாம். அதை விடுவோம், அன்று நான் கோழை. ஜூலை எட்டாம் தேதி நான் கோழை இல்லையே. நாற்பது நிமிடம் பேசினேனே. அவர் கேட்டார், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. "ஐயா, இருபதாம் தேதி இவருக்கு வயது முடிகிறது, அதற்குள் உத்தரவு வேண்டும்." ஒரே வாக்கியம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், கொடுக்கக்கூடிய மனிதர்தான். என் குரலை நானே கேட்டு மயங்கி நின்றிருக்கிறேன். சீனியரைப் பற்றி, சம்பந்தத்தைப் பற்றி, தயிர்க்காரனைப் பற்றி எல்லாம் இந்த நோட்டில் எவ்வளவு எழுதியிருக்கிறேன். என்னைப் போல ஒரு முட்டாளை இதில் எங்குமே பார்க்க முடியவில்லை.

ஜூலை 31, புதன்

மாராத்தம்மாளைக் காரில் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனேன். கேட்டது அவர்தான். உள்ளே போக முடியாதென்றால் வெளியே நின்றாவது உத்தரவைப் படிக்க வேண்டுமாம். இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் மூன்று மணியிலிருந்தே கேட்டுக்கு எதிரே டீக்கடையில் கூடுவார்கள். "எல்லாத்துக்கும் கேக்கற மாதிரிப் படிங்க" என்றார்.

வேப்பமரத்தடியில் நின்று படித்தேன். முதல் வரியிலேயே இரண்டு பேர் சிரித்தார்கள். மாராத்தம்மாள் திரும்பி, "சிரிக்காத. கேளு" என்றார். கேட்டார்கள். "நடந்திருக்கவே முடியாது" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடி படிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை, வாட்ச்மேன் கேட்டைவிட்டு வெளியே வந்து நின்று கேட்டார். பழைய சிநேகிதிகள் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த பத்தியை நான் படிக்கவில்லை.

கூட்டம் கலைந்து நகர்ந்ததும் சொன்னேன். சொல்லாமல் காரில் ஏற முடியவில்லை.

"மாராத்தம்மா, அன்னிக்கே நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நீங்க உள்ளே போயிருக்கலாம்."

அவர் உத்தரவை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார்.

"தெரியுமுங்க. வேற ஏதாச்சும் சொல்லோணுமான்னு ஜட்ஜய்யா கேட்டாருங்களே. நீங்க சொல்லுவீங்கன்னுதான் பாத்துட்டே இருந்தேன்."

குரலில் கோபம் இல்லை. என்ன மணி ஆகிறது என்று கேட்பது போலத்தான் சொன்னார். மூன்றரைக்குச் சங்கு ஊதியது. உள்ளே போகிறவர்கள் வேகமாக வந்தார்கள். மாராத்தம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து, அவர்களுக்கு வழிவிட்டு நின்றார்.